‘பார்த்துச் சொல்றோம்’ என்பதை விட்டு விலைப் பலகைக்கு வருவோம்

“ஒரு வேனை உள்ளும் புறமும் முழுமையாகச் சுத்தம் செய்ய எவ்வளவு?”

கண்டியிலோ சுற்றுப்புறத்திலோ உள்ள ஒரு வாகன சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து இப்படிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கிடைக்கும் பதில், “கொண்டு வாங்க நானா, பார்த்துச் சொல்றோம்” என்பதுதான். சொல்பவர் ஏமாற்ற நினைத்து அப்படிச் சொல்வதில்லை. வண்டி எந்த நிலையில் வரும் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்டவரின் மனதில் எழுவது வேறு. “என் முகத்தையும் வண்டியையும் பார்த்துத்தான் விலை சொல்லப் போகிறார்கள்” என்று அவர் நினைக்கிறார். பாதிப் பேர் அத்தோடு வேறு இடம் தேடிப் போய்விடுகிறார்கள்.

கண்டி, கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பகுதிகளில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற வகையில், கடந்த சில வருடங்களில் இத்தொழிலில் இறங்கிய பல இளைஞர்களுடன் கதைத்திருக்கிறேன். மத்திய கிழக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பிரஷர் வொஷர், வெக்கியும், பொலிஷர் எல்லாம் வாங்கிப் போட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். வேலை தெரியும். காலை முதல் மாலை வரை வண்டியும் வருகிறது. ஆனால் மாத முடிவில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. காரணம் தேடினால் அநேகமாக விலை சொல்லும் முறையில்தான் வந்து நிற்கிறது. எனவே இவ்வாரம், இத்தொழிலுக்கு முன்கூட்டியே நிர்ணயித்த பெக்கேஜ் விலைகளை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

தொழிலின் இன்றைய நிலை

2020 மார்ச்சில் கொவிட் தொற்றோடு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து வருடங்களில் மக்கள் தம்மிடம் இருந்த வண்டியையே பேணி வைத்திருக்க வேண்டியிருந்தது. பழைய வெகன் ஆர், எக்வா, அக்சியோ, கேடிஎச் வேன் எல்லாம் வீட்டுச் சொத்தாகிப் போயின. வெறும் ‘பொடி வொஷ்’ அடித்துக் கொண்டிருந்த இடங்கள் பல, கட் அண்ட் பொலிஷ், உள்ளக சுத்திகரிப்பு என்று ‘டீட்டெய்லிங்’ வேலைக்கு மாறியது இந்தப் பின்னணியில்தான்.

கண்டியின் சூழலும் இத்தொழிலுக்கு வேலை தருகிறது. மழையும் ஈரலிப்பும் அதிகம். கண்ணாடியை மூடி ஒரு வாரம் நிறுத்தி வைத்த வண்டியின் இருக்கையிலும் சீட் பெல்ட்டிலும் பூஞ்சணம் பிடித்துவிடும். வாவிக் கரையில் மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பறவை எச்சம் விழாமல் இராது. அதை வெயிலில் காயவிட்டால் பெயின்டில் தடம் பதியும்.

ஆனால் செலவும் அதே காலத்தில் ஏறியது. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை போனது. ஷாம்பு, கொம்பவுண்ட், வெக்ஸ் அனைத்தும் பெரும்பாலும் இறக்குமதிப் பொருட்கள். இந்த நிலையில் ‘பக்கத்துக் கடையில் 6,000 வாங்குகிறார்கள், நாங்கள் 5,500 வைப்போம்’ என்று விலை போடுவது, கண்ணை மூடிக்கொண்டு கடுகண்ணாவை வளைவில் இறங்குவதற்குச் சமம்.

விலை முன்பே தெரிந்தால் என்ன நடக்கிறது?

நாம் எல்லோரும் கண்ட ஓர் உதாரணம் இருக்கிறது. கண்டி நகரில் முச்சக்கர வண்டி பிடிப்பதென்றால் பேரம் பேசுவது வழக்கம். மழை நாளில் ஒரு விலை, பெருநாளில் ஒரு விலை, வெளியூர்க்காரருக்கு இன்னொரு விலை. 2015இல் ஜிப்ரி சுல்பர் ஆரம்பித்த பிக்மீ நிறுவனம், பயணம் தொடங்கும் முன்பே கட்டணத்தை மதிப்பிட்டு கையடக்கத் தொலைபேசியில் காட்டியது. வண்டியும் அதே வண்டி, பாதையும் அதே பாதை. ஆனால் ஏறும் முன்பே விலை தெரிந்தது. அந்த நிறுவனம் 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் பேரம் பேசும் சங்கடத்திலிருந்து பயணியை விடுவித்தது அவற்றில் முக்கியமானது என்பதை அதைப் பாவித்த எவரும் ஒப்புக்கொள்வர்.

செய்யும் வேலையும் அதற்கான கூலியும் தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெளிவாக இருக்க வேண்டும் என்பது எமது வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விடயமல்ல. அதை விலைப் பலகையில் எப்படிக் கொண்டு வருவது என்பதே கேள்வி.

முதற்படி: ஒரு மணித்தியாலத்தின் விலை

சுத்திகரிப்புத் தொழிலில் நீங்கள் விற்பது ஷாம்புவையோ வெக்ஸையோ அல்ல, உங்கள் ஊழியரின் நேரத்தை. ஆகவே ஒரு ஊழியரின் ஒரு மணித்தியாலம் உங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்று தெரியாமல் எந்தப் பெக்கேஜுக்கும் விலை போட முடியாது.

உதாரணத்துக்கு, மூன்று ஊழியர்களைக் கொண்ட ஒரு சிறிய நிலையத்தை எடுத்துக்கொள்வோம். தொகைகள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் தொகைகளை நீங்களே இட்டுப் பாருங்கள்.

இட வாடகை – 60,000 ரூபா
மூவரின் சம்பளம் (தலா 60,000) – 180,000
ஊழியர் சேமலாப நிதி 12 வீதம், நம்பிக்கை நிதி 3 வீதம் – 27,000
மின்சாரம், நீர் – 35,000
இயந்திரத் திருத்தமும் தேய்மானமும் – 20,000
தொலைபேசி, உரிமக் கட்டணம், ஏனையவை – 8,000
உரிமையாளரின் சம்பளம் – 90,000
மாத மொத்தம் – 420,000 ரூபா

கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. ‘கடை என்னுடையது, எனக்கெதற்குச் சம்பளம்?’ என்கிறார்கள். நீங்கள் நோயுற்றால் உங்கள் இடத்தில் ஒருவரை வைக்க வேண்டும். அவர் இலவசமாக வேலை செய்ய மாட்டார். அந்தத் தொகை செலவில் இருந்தே ஆக வேண்டும். இலாபம் என்பது அதற்கு மேல் வருவது.

இப்போது நேரத்தைப் பார்ப்போம். மூன்று பேர், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், மாதம் 25 நாள் என்றால் 600 மணித்தியாலம். 420,000ஐ 600ஆல் வகுத்தால் 700 ரூபா. தவறு நடப்பது இந்த இடத்தில்தான். அந்த 600 மணித்தியாலமும் வண்டியில் வேலை நடப்பதில்லை. ஒக்டோபர், நவம்பர் மழையில் வொஷ் செய்ய யாரும் வருவதில்லை. எசல பெரஹர நாட்களில் மாலையில் நகருக்குள் பாதைகளை மூடிவிடுவார்கள். தேநீர், பகல் உணவு, தொழுகை, துணி துவைத்தல், இடத்தைக் கழுவுதல், வாடிக்கையாளர் வராமல் காத்திருத்தல் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். ஒரு மாதம் கொப்பி வைத்துக் குறித்தால், உண்மையில் வேலை நடந்தது 350 மணித்தியாலம் என்று வரலாம். அப்படியானால் 420,000ஐ 350ஆல் வகுக்க வேண்டும். விடை 1,200 ரூபா.

700க்கும் 1,200க்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசம்தான் கடையை மூட வைப்பது. ஒரு சிறிய காரை உள்ளும் புறமும் சுத்தம் செய்து வெக்ஸ் பூச மொத்தம் 5 ஊழியர் மணித்தியாலமும் 1,000 ரூபா பொருளும் போகிறது என்று வையுங்கள். 700 ரூபாக் கணக்கில் செலவு 4,500. அதை 6,000 ரூபாவுக்குச் செய்பவர் தனக்கு 1,500 இலாபம் என்று நினைக்கிறார். 1,200 ரூபாக் கணக்கில் செலவு 7,000. ஒவ்வொரு காருக்கும் அவர் 1,000 ரூபா கையிலிருந்து கொடுக்கிறார். மாதம் 30 கார் என்றால் 45,000 ரூபா உழைத்ததாக எண்ணிக்கொண்டு 30,000 ரூபாவை இழக்கிறார். அது அவருடைய சொந்தச் சம்பளத்திலிருந்துதான் போகிறது. ‘வேலை நிறைய இருக்கிறது, பணத்தைத்தான் காணவில்லை’ என்று சொல்பவரின் கணக்கு பெரும்பாலும் இதுதான்.

7,000 ரூபாச் செலவின் மேல் 20 வீதம் இலாபம் வைத்தால் விலை 8,400 ரூபா. பக்கத்துக் கடை 6,000 என்றால் நீங்களும் 6,000க்கு இறங்க வேண்டியதில்லை. உங்கள் 8,400இல் என்ன அடங்குகிறது என்பதை அவர் காட்டாத அளவுக்குத் தெளிவாகக் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: வண்டிகளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு விலை சொன்னால் பலகை போட முடியாது. எல்லா வண்டிக்கும் ஒரே விலை என்றால் வேனில் நட்டப்படுவீர்கள். மூன்று பிரிவு போதும்.

சிறியது: ஓல்டோ, வெகன் ஆர், விட்ஸ் போன்றவை.
நடுத்தரம்: அக்சியோ, பிரியஸ், வெசல் போன்றவை.
பெரியது: கேடிஎச் வேன், பிராடோ, மொன்டெரோ போன்றவை.

பலகையில் வாகனங்களின் பெயரையே எழுதுங்கள். ‘சிறிய ரகம்’ என்று மட்டும் எழுதினால், வெசல் வைத்திருப்பவர் தன்னுடையது சிறியது என்பார். ஒவ்வொரு பிரிவிலும் ஐந்தாறு வண்டிகளுக்கு, வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும் எத்தனை பேர் நின்றார்கள் என்பதும் குறித்துச் சராசரி எடுங்கள். மேலே சொன்ன அதே வேலைக்கு நடுத்தர வண்டிக்கு 6 மணித்தியாலமும் 1,200 ரூபா பொருளும் வந்தால் செலவு 8,400, விலை சுமார் 10,000. வேனுக்கு 9 மணித்தியாலமும் 1,700 ரூபா பொருளும் என்றால் செலவு 12,500, விலை 15,000. வேனில் இருக்கை வரிசைகள் கூட. கூரைத் துணியும் கூட. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் வேன் என்றால் கால் வைக்கும் இடமெல்லாம் மண். இந்த உண்மையை உங்கள் விலை சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: மூன்று பெக்கேஜ்

எத்தனை பெக்கேஜ் வைப்பது? சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு வகை எழுதியிருக்கிறார்கள். வாடிக்கையாளர் வாசித்துக் களைத்து, கடைசியில் ‘சும்மா ஒரு வொஷ் போடுங்க’ என்கிறார். மூன்றுக்கு மேல் தேவையில்லை.

இதற்கு ஓர் ஆய்வு ஆதாரமும் உண்டு. இட்டமார் சைமன்சன், அமொஸ் ட்வர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1992இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மினோல்டா கமராக்கள் இரண்டைக் காட்டித் தெரிவு செய்யச் சொன்னார்கள். விலை ஏறத்தாழ 170, 240 டொலர். தெரிவு பாதிக்குப் பாதியாகப் பிரிந்தது. பிறகு 470 டொலர் கமரா ஒன்றையும் சேர்த்து வேறொரு குழுவினருக்குக் காட்டினார்கள். இப்போது 57 வீதமானோர் நடுவில் உள்ள 240 டொலர் கமராவைத் தெரிவு செய்தார்கள். மனிதர்கள் இரு ஓரங்களையும் தவிர்த்து நடுவில் நிற்க விரும்புகிறார்கள் என்பதே இதன் பொருள்.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம், நடுப் பெக்கேஜைத்தான் மிகக் கவனமாக அமைக்க வேண்டும் என்பது. அதிகம் பேர் அதைத்தான் எடுப்பார்கள். அதில் நட்டம் வந்தால் முழுக் கடைக்கும் நட்டம். ஆனால் நடுவை விற்பதற்காக, யாரும் எடுக்காத பொய்யான உயர்ந்த பெக்கேஜ் ஒன்றைப் பலகையில் தொங்க விடாதீர்கள். எழுதிய வேலையை எழுதிய விலைக்குச் செய்து கொடுக்கக் கூடியதாக மூன்றும் இருக்க வேண்டும்.

சிறிய காருக்கு ஒரு மாதிரி:

சாதாரணம் – வெளிக் கழுவல், வீல், டயர், உள்ளே வெக்கியும், டேஷ்போர்ட் துடைத்தல், கண்ணாடி. ஒன்றரை மணித்தியாலம், பொருள் 200. விலை 2,400 ரூபா.

முழுமை – மேலுள்ள அனைத்தும், இருக்கை, தரை விரிப்பு, கூரை, கதவு உட்புறம் ஷாம்பு இட்டுக் கழுவி உலர்த்தல், வெளியே வெக்ஸ். 5 மணித்தியாலம், பொருள் 1,000. விலை 8,400 ரூபா.

விசேடம் – மேலுள்ள அனைத்தும், வெக்ஸுக்கு முன் கிளே கொண்டு பெயின்டின் மேல் ஒட்டியவற்றை நீக்கல், ஒரு சுற்று கட் அண்ட் பொலிஷ், வெக்ஸுக்குப் பதிலாக சீலன்ட். 11 மணித்தியாலம், பொருள் 3,800. விலை 20,400 ரூபா.

ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரத்தில் வண்டி திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். கண்டியில் மழை நாளில் இருக்கைத் துணி உலர ஒரு நாளும் போகலாம். ‘மாலையில் எடுத்துப் போகலாம்’ என்று சொல்லி ஈரமாகக் கொடுத்தால், மூன்றாம் நாள் நாற்றம் வந்து வண்டி உங்களிடமே திரும்பி வரும். அந்த இரண்டாவது வேலைக்கு யாரும் பணம் தருவதில்லை.

நான்காம் படி: அடங்காதவற்றையும் எழுதுங்கள்

‘வண்டியைப் பார்க்காமல் எப்படி விலை சொல்வது?’ என்ற நியாயமான கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பெக்கேஜ் விலை சாதாரணப் பாவனையில் உள்ள வண்டிக்கு உரியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஒரு மேலதிகப் பட்டியல் வையுங்கள். பூஞ்சணம் நீக்கல், வாந்தி அல்லது பால் சிந்திய நாற்றம், வளர்ப்புப் பிராணி முடி, தார் அல்லது சீமெந்துத் துளி, ஹெட்லைட் தெளிவாக்கல், என்ஜின் அறை சுத்தம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. டூரியன் காலத்தில் டூரியன் ஏற்றி வந்த வேனுக்கும் ஒன்று போட்டு வைக்கலாம். பட்டியலில் இல்லாத ஏதாவது வந்தால் மணித்தியாலத்துக்கு 1,450 ரூபா என்று எழுதி, வேலை தொடங்கும் முன் சம்மதம் பெறுங்கள். வேலை முடிந்த பிறகு விலையைக் கூட்டிச் சொல்வது, எத்தனை நியாயமான காரணம் இருந்தாலும், பலகையின் மதிப்பைக் கெடுத்துவிடும்.

இனி, வண்டியை ஏற்கும் நேரத்தில் ஐந்து நிமிடம் செலவழித்து ஒரு துண்டில் எழுதுங்கள். ஏற்கனவே உள்ள கீறல், நசுங்கல், விடுபட்ட தொப்பி, ஓடிய கிலோமீற்றர், உள்ளே இருக்கும் பொருட்கள். கையடக்கத் தொலைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். ‘இந்தக் கீறல் நீங்கள் போட்டது’ என்ற ஒரு வழக்கு, பத்து வண்டியின் இலாபத்தைத் தின்றுவிடும்.

இரண்டு இடங்களில் ‘செய்ய மாட்டோம்’ என்று எழுதுவது அவசியம்.

ஒன்று, பெயின்ட். ஒரு வண்டியின் மேல் உள்ள மொத்தப் பெயின்டின் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன். அதில் மேலே பளபளப்புத் தரும் தெளிந்த படை 35 முதல் 50 மைக்ரோன் வரைதான். தலைமயிர் ஒன்றின் தடிப்பை விடக் குறைவு. கட்டிங் கொம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் சில மைக்ரோன் போகிறது. எனவே வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை கட் அண்ட் பொலிஷ் செய்வது பெயின்டைத் தின்பதாகும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறல் பொலிஷால் போகாது, அதற்கு மீண்டும் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதைப் பலகையிலேயே போடுங்கள்.

இரண்டாவது, ஹைபிரிட் வண்டி. எக்வா, பிரியஸ் போன்றவற்றில் பின் இருக்கைப் பக்கம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். ஹைபிரிட் பெற்றரியைக் குளிர்விக்கும் காற்று அதனூடாகத்தான் போகிறது. இருக்கையை ஷாம்பு இட்டுக் கழுவும்போது அதற்குள் தண்ணீர் போனால் வரும் செலவு உங்கள் பெக்கேஜின் விலையைப் போல் பல மடங்கு. அந்த இடத்தை மூடி, ஈரம் குறைவாகச் செய்ய வேண்டும். அதற்கு மேலதிக நேரம் போகும். அந்த நேரத்தையும் நடுத்தரப் பிரிவின் விலையில் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, சேவையொன்றை வழங்குபவர் அதை உரிய கவனத்துடனும் திறமையுடனும் செய்வார் என்ற உத்தரவாதம், எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே கொள்ளப்படும். பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் செயலையும் அச்சட்டம் தடுக்கிறது. ‘வாழ்நாள் பளபளப்பு’ என்றெல்லாம் பலகையில் எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

வாகன சேவை நிலையங்களுக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவை. கண்டி நகரின் கழிவு நீர் மெத எல கால்வாய் வழியாக கெட்டம்பே பக்கம் போய் மகாவலியில் கலக்கிறது. எண்ணெயும் ஷாம்புவும் அதில் போகாமல் தடுக்கும் தொட்டியைக் கட்டுவதும் மாதாமாதம் துப்புரவு செய்வதும் செலவு. அதையும் மேலே சொன்ன மாதக் கணக்கில் எழுதாவிட்டால், உங்கள் விலை மீண்டும் பிழைத்துவிடும்.

பேரமும் உறவினரும்

பலகை போட்டாலும், “நானா, கொஞ்சம் பார்த்துச் செய்ங்க” என்பார்கள். அது எமது ஊரின் பழக்கம். அதற்குக் கோபிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும். விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறைத்துக் காட்டுங்கள். “8,400 கூட என்றால் வெக்ஸ் இல்லாமல் செய்யலாம், இவ்வளவு குறையும்” என்று சொல்லுங்கள். அப்போது அந்தப் பணம் எதற்கு என்று அவருக்குப் புரியும்.

பத்து வீதக் கழிவு சிறியதாகத் தெரியலாம். கணக்கைப் பாருங்கள். 8,400இல் பத்து வீதம் 840 ரூபா. உங்கள் இலாபம் 1,400 ரூபா மட்டுமே. 840 போனால் மிஞ்சுவது 560. அதாவது பத்து வீதக் கழிவில் உங்கள் இலாபத்தின் 60 வீதம் போய்விடுகிறது. உறவினருக்கும் நண்பருக்கும் உதவ விரும்பினால், மாதம் இத்தனை வண்டி என்று ஒரு அளவு வைத்து, அதை உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்ததாக எழுதுங்கள். உதவியும் நடக்கும், கடைக் கணக்கும் கெடாது.

வாடகை வேன், சுற்றுலா வேன் வைத்திருப்பவர்களுக்கு மாதம் நான்கு கழுவல் அடங்கிய முற்பணப் பெக்கேஜ் வைக்கலாம். அதில் சிறு கழிவு கொடுப்பது நியாயம். ஏனெனில் வெறுமனே காத்திருக்கும் மணித்தியாலங்களை அது நிரப்புகிறது. சுமையான வார இறுதிகளில் வராமல், திங்கள் முதல் வியாழன் வரை வர வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். முற்பணம் வாங்கியதை உடனே வருமானமாக எண்ணிச் செலவழிக்காதீர்கள். வேலை செய்து முடிக்கும் வரை அது வாடிக்கையாளரின் பணம்.

பலகை நிரந்தரமானதல்ல

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கூடியது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, ஜூனில் மீண்டும் 15 வீதம் கூடியது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. இப்படிப்பட்ட நாட்டில் இரண்டு வருடத்துக்கு ஒரே விலை என்பது முடியாத காரியம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைத் திறந்து, மணித்தியாலச் செலவை மீண்டும் வகுத்துப் பாருங்கள். பலகையில் ‘இன்ன திகதி முதல் செல்லுபடியாகும்’ என்று எழுதுங்கள். விலை கூடுவதாயின் இரண்டு வாரம் முன்னரே அறிவியுங்கள். முன்பதிவு செய்தவருக்குப் பழைய விலையிலேயே செய்து கொடுங்கள். செலவு குறைந்தால் விலையைக் குறைத்தும் எழுதுங்கள். ஏறும்போது மட்டும் மாறும் பலகையை யாரும் நம்ப மாட்டார்கள்.

இறக்குமதி திறந்துவிட்ட பிறகு, பழைய வண்டியைப் பேணுபவரும் புதிய வண்டியைப் பாதுகாக்க விரும்புபவரும் உங்களிடம் வருவார்கள். போட்டிக்குப் புதிய கடைகளும் வரும். இத்தொழிலில் உள்ள சகோதரர்கள் இன்றிலிருந்தே ஒரு கொப்பியை எடுத்து, வண்டி இலக்கம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற ஊழியர் எண்ணிக்கை, பாவித்த பொருள் ஆகிய ஐந்தையும் முப்பது நாளைக்கு எழுதுங்கள். முப்பத்தோராம் நாள் உங்கள் விலைப் பலகையை அந்தக் கொப்பியைப் பார்த்தே எழுதிவிடலாம். பக்கத்துக் கடைப் பலகையை எட்டிப் பார்க்க வேண்டி வராது.